எண்ணெய் மணலின் கழிவுநீர்: கடனை யார் அடைப்பது?

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தின் வடபகுதியில் அமைந்துள்ள கேர்ல் எண்ணெய் மணற் சுரங்கத்தில் ஒரு தேக்கம் நிரம்பி வழிந்தது. 53 இலட்சம் லீற்றர் கழிவுநீர் வெளியேறியது. அச்செய்தியோடு அதனினும் பாரதூரமான வேறொரு செய்தியும் வெளிவந்தது. அதே சுரங்கத்தின் கழிவுத் தேக்கத்திலிருந்து நஞ்சுநீர் நிலத்தடியாகக் கசிந்துகொண்டிருந்தமைக்கான அறிகுறிகள் 2022 மே மாதத்திலேயே தென்பட்டிருந்தன. சுரங்கத்தை நடத்தும் இம்பீரியல் ஒயில் நிறுவனமும், அதனைக் கண்காணிக்கவேண்டிய அல்பேர்ட்டா எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பும் அதனை அறிந்திருந்தன. ஆனால், அந்நிலத்தில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழும் முதற்குடி மக்களுக்கு நிலைமையின் முழு உண்மை ஒன்பது மாதங்களாகத் தெரிவிக்கப்படவில்லை.

2023 ஏப்ரலில் நிறுவனத்தின் தலைவரும் ஒழுங்குமுறை அமைப்பின் தலைவரும் கனடிய நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி மன்னிப்புக் கோரினர். 2024 ஓகஸ்ட்டில், நிரம்பி வழிந்த சம்பவத்திற்காக நிறுவனத்திற்கு 50,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் ஈட்டிய நிகர இலாபம் 7.3 பில்லியன் டொலருக்கும் மேல். அதாவது, அந்தத் தண்டம் நிறுவனத்தின் நான்கு நிமிட இலாபத்திற்கும் குறைவானது.

இந்தக் கணக்கை மனத்திற் கொண்டுதான், "எண்ணெய் மணலின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடலாம்" என்ற இன்றைய பேச்சை நோக்கவேண்டும். சுத்திகரிப்பு நல்ல சொல். அதனை எவரும் எதிர்ப்பதற்கில்லை. ஆயினும், யாருடைய பணத்தில், எந்த அளவுகோலின்படி, யாருடைய சம்மதத்துடன் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கூறாமல் உச்சரிக்கப்படும்போது, அச்சொல் ஒரு மாசகற்றும் திட்டமாக இல்லாமல் கடனைத் தட்டிக்கழிக்கும் உத்தியாக மாறிவிடுகிறது. இவ்விடயத்தில் கனடாவில் வாழும் தமிழ் மக்கள், குறிப்பாகப் பொறியியல் கற்ற பெற்றோரும் கற்றுக்கொண்டிருக்கும் இளையோரும், வாளாவிருப்பது பொருத்தமற்றது.

கழிவுநீர் எவ்வாறு உருவாகிறது?

அதபாஸ்கா ஆற்றின் இருமருங்கிலும் உள்ள மணலில் பிற்றுமின் எனப்படும் தார் போன்ற கெட்டியான எண்ணெய் ஒட்டியிருக்கிறது. மணலைத் தோண்டி, சுடுநீருடன் கலந்து, எரிசோடா சேர்த்துக் கலக்கினால் பிற்றுமின் நுரையோடு மேலெழும். காள் கிளார்க் என்ற அறிவியலாளர் 1920களில் அல்பேர்ட்டாவில் வளர்த்தெடுத்த முறை இது. 1967 இல் முதலாவது பெருஞ்சுரங்கம் இம்முறையில் இயங்கத் தொடங்கியது. ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டு தொன் மணல் தோண்டப்படவேண்டும்.

எண்ணெய் பிரிந்தபின் எஞ்சுவது நீர், மணல், நுண்களி, ஓரளவு பிற்றுமின் ஆகியவற்றின் கலவை. இதில் மணல் விரைவில் அடியில் படிந்துவிடும். நுண்களியோ அவ்வாறு படிவதில்லை. சில ஆண்டுகளில் தயிர் போன்ற பதத்தை அடைந்து, நிறையில் மூன்றில் ஒரு பங்கு திண்மமும் எஞ்சியது நீருமாக, அப்படியே நின்றுவிடும். தானாக இறுகட்டும் என்று விட்டால் நூற்றாண்டுகள் செல்லும்.

நீரிலும் சிக்கல் உள்ளது. பிற்றுமினிலிருந்து கரைந்து வரும் நாப்தெனிக் அமிலங்களே மீன்களுக்கு நஞ்சாக அமையும் முதன்மைப் பொருள்கள். அவற்றுடன் பல்வளைய நறுமண ஐதரோகாபன்கள், உப்புகள், ஆர்சனிக் முதலிய சுவடு மூலகங்களும் சேர்கின்றன. சுரங்கங்கள் அதே நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதைச் சிக்கனமாகக் காட்டிப் பெருமை கொள்கின்றன. அது ஆற்றிலிருந்து எடுக்கும் நன்னீரின் அளவைக் குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் உப்பும் அமிலமும் செறிவடைகின்றன என்பதும் அதே அளவு உண்மை.

இவ்வாறு தேங்கியுள்ள சேற்றுநீரின் அளவு இன்று 130 கோடி கன மீற்றருக்கும் மேல். ரொறன்ரோ மாநகரின் 630 சதுர கிலோமீற்றர் பரப்பெங்கும் இதனைப் பரப்பினால், ஸ்காபுறோ முதல் எற்றோபிக்கோ வரை ஒவ்வொரு தெருவிலும் ஓர் ஆளை மூழ்கடிக்கும் இரண்டு மீற்றர் உயரத்திற்கு நிற்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக, "பின்னர் பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒற்றைச் சொற்றொடரின் மீது எழுப்பப்பட்ட மலை அது.

தொழில்நுட்பம் இல்லையா?

தொழில்நுட்பம் இல்லை என்பது சரியான விடையன்று. தொழில்நுட்பம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்பதும் சரியான விடையன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள உண்மையைப் பொறியியல் படித்தவர் எவரும் எளிதிற் புரிந்துகொள்ளலாம்.

நுண்களியைப் பிரிக்கப் பல வழிகள் கையாளப்பட்டுள்ளன. ஜிப்சம் சேர்த்து மணலையும் களியையும் ஒன்றாகப் படியச் செய்கிறார்கள். பொலிமர் சேர்த்து நுண்துகள்களைத் திரளச் செய்து, சரிவான நிலத்தில் மெல்லிய படையாகப் பரப்பிக் காயவைக்கிறார்கள். மையவிலக்கு இயந்திரங்களிற் சுழற்றி நீரைப் பிழிந்தெடுக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அளவுக்குப் பயன் தருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நிலமும் எரிபொருளும் பணமும் தேவைப்படுகின்றன.

பிரிந்த நீரைத் தூய்மையாக்குவது அடுத்த படி. ஓசோன் வாயு நாப்தெனிக் அமிலங்களின் சிக்கலான மூலக்கூறுகளைச் சிதைக்கும்; சிதைந்த துண்டுகளை நுண்ணுயிர்கள் உண்டு முடிக்கும். அல்பேர்ட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் ஓசோன் உற்பத்திக்கு மின்சாரம் பெருமளவில் வேண்டும். எண்ணெயைத் தரமுயர்த்தும் ஆலைகளில் மலைபோற் குவிந்துள்ள பெற்றோலியக் கரியைக் கொண்டு அமிலங்களை உறிஞ்சலாம். அது மலிவான வழி. ஆனால் அந்தக் கரியிலிருந்து வனேடியம் நீரிற் கலக்கிறது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையால் உப்பையும் அகற்றலாம். ஆனால் எஞ்சிய பிற்றுமினும் நுண்களியும் மென்சவ்வை அடைத்துவிடுகின்றன. அகற்றிய உப்புநீரை எங்கே கொட்டுவது என்ற வினாவும் எஞ்சி நிற்கிறது. செயற்கைச் சதுப்பு நிலங்களில் நாணலும் நுண்ணுயிரும் வேலை செய்யும். செலவு குறைவு. ஆனால் வட அல்பேர்ட்டாவின் கோடைகாலமும் குறைவு.

ஆகவே எந்தவொரு முறையும் தனித்து நின்று இதனைத் தீர்க்காது. பல முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஒவ்வொரு தேக்கத்தின் தன்மைக்கேற்ப அமைத்து, பல பத்தாண்டுகள் இடையறாது இயக்கவேண்டும். இது முடியாத காரியமன்று, விலையுயர்ந்த காரியம். ஆய்வுகூடத்தில் ஒரு வாளி நீரையும், முன்னோடி ஆலையில் ஒரு தொட்டி நீரையும் தூய்மையாக்கிக் காட்டிவிட்டு, 130 கோடி கன மீற்றருக்கும் விடை கிடைத்துவிட்டது என்று விளம்பரம் செய்வது பொறியியல் ஆகாது. சோதனைக் கணினியில் ஓடிய மென்பொருளைக் காட்டி, முழு வங்கியின் கணக்குகளையும் அதனிடம் ஒப்படைக்குமாறு கேட்பதற்கு ஒப்பானது அது.

வாக்குறுதிகளின் வரலாறு

2008 ஏப்ரலில் சின்குரூட் நிறுவனத்தின் கழிவுத் தேக்கமொன்றில் இறங்கிய 1,600 க்கும் மேற்பட்ட வாத்துகள் எண்ணெயில் சிக்கி மடிந்தன. உலகின் கவனம் அங்கே திரும்பியது. 2010 இல் நீதிமன்றம் நிறுவனத்தைக் குற்றவாளியாகக் கண்டு, 30 இலட்சம் டொலர் செலுத்துமாறு பணித்தது.

அந்த அதிர்ச்சியின் பின்னணியில் 2009 இல் அல்பேர்ட்டாவின் அன்றைய எரிசக்தி வாரியம் 74 ஆம் இலக்கப் பணிப்புரையை வெளியிட்டது. அதன்படி, சுரங்கங்கள் தமது நுண்களியின் குறிப்பிட்ட விகிதத்தை ஆண்டுதோறும் இறுகச்செய்யவேண்டும். 2013 ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் நூற்றுக்கு 50 ஆக உயரவேண்டும். நடந்தது என்ன? நிறுவனங்கள் இலக்கை எட்டவில்லை என்று 2013 இல் வாரியமே அறிக்கையிட்டது. தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. 2015 இல் பணிப்புரையே இடைநிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டகம், சுரங்கத்தின் ஆயுள் முடிந்து பத்தாண்டுகளுக்குள் சேற்றுநீர் மீட்புக்குத் தயாரான நிலையில் இருந்தாற் போதும் என்றது. மாணவன் தேர்வில் தோற்றபோது தேர்வையே நீக்கிவிட்ட பள்ளியை எந்தத் தமிழ்ப் பெற்றோராவது மெச்சுவாரா?

2010 இல் சன்கோர் நிறுவனம் தனது முதலாவது தேக்கத்தின் மேற்பரப்பை மண்ணால் மூடி, மரம் நட்டு, விழா எடுத்தது. அது பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் அந்தத் தேக்கத்திலிருந்த சேற்றுநீர் வேறு தேக்கங்களுக்கு மாற்றப்பட்டது என்பதை விழாவின் ஒளிப்படங்கள் காட்டவில்லை. 2012 இன் இறுதியில் சின்குரூட் நிறுவனம், தோண்டி முடித்த குழியொன்றில் சேற்றுநீரை நிரப்பி அதன்மேல் நன்னீரை விட்டு, ஓர் ஏரியை உருவாக்கும் சோதனையைத் தொடங்கியது. அடியிலுள்ள சேற்றிலிருந்து மெதேன் வாயு குமிழியிட்டு எழுவதும், நீரின் மேல் எண்ணெய்ப் படலம் தென்படுவதும் ஆய்வாளர்களாற் பதிவு செய்யப்பட்டுள்ளன. அந்தச் சோதனையின் முடிவு தெளிவாகும் முன்பே, இத்தகைய குழி ஏரிகள் மேலும் பல சுரங்கங்களின் மூடல் திட்டங்களில் இடம்பெற்றுவிட்டன.

வைப்புப் பணம் எங்கே?

புலம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் ஸ்காபுறோவிலோ மார்க்கத்திலோ வீடு வாங்க வங்கிக்குச் சென்றால், முற்பணம் கேட்பார்கள்; வருமானச் சான்று கேட்பார்கள்; வீட்டையே ஈடாக எழுதி வாங்குவார்கள். அறை வாடகைக்கு எடுக்கும் மாணவரிடம்கூட இறுதி மாத வாடகை முன்கூட்டியே பெறப்படுகிறது. ஆனால் நிலத்தையும் நீரையும் கடனாகப் பெற்ற எண்ணெய் நிறுவனங்களிடம் அல்பேர்ட்டா அரசு கேட்டது என்ன?

2015 இல் அம்மாகாணத்தின் தலைமைக் கணக்காய்வாளர் இதனை ஆராய்ந்தார். 2014 இன் இறுதியில், சுரங்கங்களை மீட்பதற்கான மதிப்பிடப்பட்ட செலவு 20.8 பில்லியன் டொலர். அரசிடம் இருந்த உத்தரவாதமோ 1.57 பில்லியன் டொலர் மட்டுமே. ஒவ்வொரு நூறு டொலர்ச் செலவுக்கும் எட்டு டொலருக்கும் குறைவான ஈடு. இதற்குக் காரணம் விதியிலேயே உள்ளது. நிலத்தடியில் எஞ்சியுள்ள எண்ணெயின் மதிப்பே நிறுவனத்தின் சொத்தாகக் கணக்கிடப்படுகிறது. சொத்துப் போதுமானது என்று ஏட்டிற் காட்டப்படும் வரை, பெரும் வைப்புத் தொகை கோரப்படுவதில்லை. எண்ணெய் தீரும் காலம் நெருங்கும்போதுதான் பணம் கேட்கப்படும். எண்ணெய் விலை வீழ்ந்தாலோ, உலகம் எண்ணெயிலிருந்து விலகினாலோ, அந்தச் சொத்து ஏட்டிலேயே கரைந்துவிடும். சேற்றுநீர் கரையாது.

2018 இல் ஒழுங்குமுறை அமைப்பின் உயர் அதிகாரி ஒருவர் முன்வைத்த மதிப்பீடு ஊடகங்களில் வெளியானது. மாகாணத்தின் எண்ணெய், எரிவாயுத் துறை முழுவதையும் துப்புரவு செய்ய 260 பில்லியன் டொலர் வரை செல்லலாம். அதில் பாதி எண்ணெய் மணற் சுரங்கங்களுக்கு என்றது அம்மதிப்பீடு. அது மோசமான நிலைமையைக் கற்பனை செய்து போட்ட கணக்கு என்று அமைப்பு விளக்கமளித்தது. அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றாலும், கைவசமுள்ள ஈட்டுக்கும் கடனுக்கும் இடையிலான பள்ளம் தூர்ந்துவிடாது. அந்தப் பள்ளத்தை இறுதியில் நிரப்பப்போவது வரி செலுத்தும் பொதுமக்களே. இன்று பாலர் வகுப்பிற் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர்.

ஆற்றின் கீழ்ப்புறத்தில்

சுரங்கங்களைக் கடந்து அதபாஸ்கா ஆறு வடக்கு நோக்கிப் பாய்கிறது. போர்ட் மக்மறே நகரிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அதிகமான தொலைவில், அதபாஸ்கா ஏரிக்கரையில் போர்ட் சிப்பவயன் என்ற சிற்றூர் உள்ளது. அதபாஸ்கா சிப்பவயன், மிக்கிசூ கிறீ முதற்குடிகளும் மேட்டி மக்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே வாழ்கின்றனர். 1899 இல் கைச்சாத்தான எட்டாம் இலக்க உடன்படிக்கை, வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அவர்களுக்குள்ள உரிமையை உறுதி செய்தது. மீனை உண்ண அஞ்சவேண்டிய நிலையில், மீன்பிடிக்கும் உரிமைக்கு என்ன பொருள்?

அவ்வூரில் அரிய வகைப் புற்றுநோய்கள் தென்படுவதாக 2006 அளவில் மருத்துவர் ஜோன் ஓ'கொனர் குரல் எழுப்பினார். விசாரணைக்கு முன்பே, அவர் தேவையற்ற அச்சத்தைப் பரப்புவதாகக் கனடியச் சுகாதாரத் திணைக்களத்தின் மருத்துவர்கள் அவர்மீது முறைப்பாடு செய்தனர். 2009 இல் அல்பேர்ட்டாவின் ஆய்வு, 1995 முதல் 2006 வரை 39 புற்றுநோய்கள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 51 காணப்பட்டதாக அறிவித்தது. சிறிய மக்கள்தொகை என்பதால் இது தற்செயலாகவும் இருக்கலாம், மேலும் ஆராயவேண்டும் என்றது அவ்வறிக்கை. மருத்துவர் மீதான முறைப்பாடும் அதே ஆண்டில் தள்ளுபடியாயிற்று. மேலும் ஆராய்வதற்கு, அச்சமூகமே முன்னின்று நடத்தும் ஆய்வொன்றுக்கு நடுவண் அரசு நிதி அறிவித்த ஆண்டு 2024. இடையிற் கழிந்தவை பதினைந்து ஆண்டுகள்.

ஆற்றங்கரையில் பிற்றுமின் இயற்கையாகவே கசிகிறது, எனவே ஆற்றிலுள்ள மாசுக்குச் சுரங்கங்களைக் குறைகூற முடியாது என்பது நிறுவனத் தரப்பு நெடுங்காலமாகக் கூறிவந்த வாதம். இயற்கைக் கசிவு உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் 2010 இல் டேவிட் ஷின்ட்லர் உள்ளிட்ட அறிவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, சுரங்கத் தொழிலே ஆற்றில் நச்சு மூலகங்களின் அளவைக் கூட்டுவதைக் காட்டியது. வட அமெரிக்கச் சுற்றாடல் ஒத்துழைப்பு ஆணைக்குழு 2020 இல் வெளியிட்ட ஆவணமும், தேக்கங்களின் அண்மையிலுள்ள நிலத்தடி நீரில் கழிவுநீர் கசிந்திருப்பதற்கு அறிவியல் அடிப்படையிலான சான்றுகள் உள்ளதாகப் பதிவு செய்தது.

ஆற்றில் விடுவதா, தேக்கிவைப்பதா?

செயன்முறையிற் பயன்பட்ட நீரை ஆற்றில் விட அல்பேர்ட்டாவின் அனுமதிகள் இடமளிக்கவில்லை. மீன்களுக்குத் தீங்கான பொருளை நீர்நிலையிற் சேர்ப்பதைக் கனடிய மீன்பிடிச் சட்டமும் தடை செய்கிறது. சுத்திகரித்த நீரை வெளியேற்ற இடமளிக்கும் நடுவண் ஒழுங்குவிதிகள் பற்றி, முதற்குடிப் பிரதிநிதிகளும் இடம்பெறும் பணிக்குழு ஒன்று 2021 அளவிலிருந்து ஆராய்ந்துவந்தது. 2025 இல் அல்பேர்ட்டா அரசு நியமித்த குழு, கழிவுநீரை ஆழ்கிணறுகள் மூலம் நிலத்தடியிற் செலுத்துவது உட்பட பல பரிந்துரைகளை முன்வைத்தது.

ஒருபோதும் விடக்கூடாது என்பது ஒரு நிலைப்பாடு. அதன் பின்னாலுள்ள சினம் நியாயமானது. ஆனால் ஆற்றங்கரையில் மண் அணைகளுக்குப் பின்னால் நஞ்சுநீரை முடிவின்றித் தேக்கிவைப்பதும் பாதுகாப்பன்று. கசிவு நிற்பதில்லை, அணை என்றென்றும் நிலைப்பதுமில்லை. எனவே, ஆற்றில் விடுவதா இல்லையா என்பதைவிட, எந்த நிபந்தனைகளின் கீழ் என்பதே முறையான வினா.

நான்கு நிபந்தனைகள் இன்றியமையாதவை. முதலாவது, நாப்தெனிக் அமிலம் உட்பட ஒவ்வொரு முதன்மை நஞ்சுக்கும் எண்ணளவிலான உச்சவரம்பு சட்டத்திற் பொறிக்கப்படவேண்டும். நல்ல நீருடன் கலந்து செறிவைக் குறைப்பது சுத்திகரிப்பாகக் கொள்ளப்படலாகாது. ஆற்றுக்குச் செல்லும் நஞ்சின் மொத்த நிறை குறையவேண்டும். இரண்டாவது, முன்னோடி ஆலை பல பருவங்கள் தொடர்ந்து இயங்கி, நிறுவனத்தைச் சாராத ஆய்வாளர்களால் மீன்களிலும் நீர்வாழ் உயிர்களிலும் சோதிக்கப்பட்டு, தரவுகள் முழுமையாகப் பொதுவெளியில் வைக்கப்படவேண்டும். மூன்றாவது, துப்புரவுச் செலவுக்கான பணம் எண்ணெய் விற்பனையாகும் காலத்திலேயே வைப்பிலிடப்படவேண்டும். நான்காவது, கீழ்ப்புறத்தில் அந்நீரைக் குடிக்கும் மக்களின் சம்மதம் பெறப்படவேண்டும். கலந்துரையாடல் என்ற பெயரில் முடிவை அறிவிப்பது சம்மதம் ஆகாது.

இந்நிபந்தனைகள் தொழிலை முடக்கிவிடும் என்பர் சிலர். நன்னிலையில் ஆண்டுக்குப் பல பில்லியன் டொலர் இலாபம் ஈட்டும் தொழில், தான் உண்ட தட்டைத் தானே கழுவுவதால் முடங்குமாயின், அது ஈட்டியது இலாபமன்று. ஆற்றிடமும் அயலவரிடமும் அனுமதியின்றி எடுத்த கடன்.

தமிழருக்கு இதில் என்ன?

"வந்த நாட்டில் எண்ணெய்த் தொழிலோடு ஏன் மோதவேண்டும்? இது வெள்ளையரும் முதற்குடிகளும் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயம்" என்ற குரல் தமிழ் வீடுகளில் எழுவதுண்டு. விருந்தினர் மனநிலை அது. குடியுரிமை பெற்று, வாக்களித்து, வரி செலுத்தி, பிள்ளைகளை வளர்த்துவரும் ஒரு சமூகத்துக்கு அது பொருந்தாது.

தொடர்பு ஏற்கனவே இருக்கிறது. எஸ்ஸோ என்பது இம்பீரியல் ஒயில் நிறுவனத்தின் வணிகப் பெயர். பெற்றோ-கனடா 2009 முதல் சன்கோர் நிறுவனத்துக்கு உரியது. கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் உழைக்கும் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கென ஒரு பகுதி கழிக்கப்படுகிறது. அந்நிதி எண்ணெய் மணல் நிறுவனங்களிலும் முதலிடப்பட்டுள்ளது. 2050 அளவில் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்கும் உறுதிமொழியையும் அதன் முதலீட்டு அமைப்பு 2025 மே மாதத்திற் கைவிட்டது. ஆகவே தொழிற்சாலையில் இரவுப்பணி செய்யும் தமிழ்த் தாயும் இச்சுரங்கங்களின் மிகச் சிறிய பங்காளியே. பங்காளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. பெற்றோல் பயன்படுத்துபவருக்குக் கேட்க அருகதையில்லை என்ற வாதமும் நில்லாது. விலை கொடுப்பவர், அந்த விலைக்குள் துப்புரவுச் செலவும் அடங்கியிருக்கிறதா என்று கேட்பது இயல்பு.

எண்ணெய் கலந்த நீர் என்றால் என்னவென்று தமிழ் மக்களுக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில், அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுண்ணாம்புப் பாறையினூடே இறங்கிக் கிணறுகளை அடைந்தது. 2015 இல் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். பவுசர்களில் வந்த நீருக்காகக் குடங்களுடன் காத்திருந்தனர். நீர் பாதுகாப்பானதா என்பதில் நிபுணர் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. சுன்னாகத்தில் எதைக் கேட்பது நீதியோ, அதையே போர்ட் சிப்பவயனுக்கும் கேட்பது நேர்மை. தன் ஊர்க் கிணற்றுக்கு ஒரு நியாயமும் அயலான் ஆற்றுக்கு வேறொரு நியாயமும் வைத்திருக்கும் சமூகத்தின் முறைப்பாட்டை உலகம் ஏன் செவிமடுக்கவேண்டும்?

செய்யத்தக்கவை

ஒவ்வொரு குடும்பமும் தமது தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம். மேற்கூறிய நான்கு நிபந்தனைகள் ஒழுங்குவிதிகளில் இடம்பெறுமா என்ற நேரடி வினாவே போதுமானது. தமிழ் வாக்குகளைக் கோரிப் பொங்கல் விழாக்களுக்கு வரும் வேட்பாளர்களிடம் இவ்வினாவைக் கேட்க எவரும் தயங்கவேண்டியதில்லை. ஓய்வூதிய முதலீட்டு அமைப்பு மாகாணங்கள்தோறும் பொதுக்கூட்டங்களை நடத்துகிறது. துப்புரவுக் கடனை முதலீட்டு இடராகக் கணக்கிட்டிருக்கிறதா என்று அங்கே கேட்கலாம்.

பெற்றோர் தம் பிள்ளைகளைப் பொறியியல் கற்க அனுப்பும்போது, கணினியும் மின்னியலும் மட்டுமே பொறியியல் என்ற எண்ணத்தை விடவேண்டும். நீரியல், வேதிப் பொறியியல், மண்ணியல், நுண்ணுயிரியல் ஆகிய துறைகளில் வல்லுநர்கள் பல பத்தாண்டுகளுக்குத் தேவைப்படுவர். 130 கோடி கன மீற்றர் வேலை காத்திருக்கிறது. ஏற்கனவே கல்கரியிலும் எட்மன்டனிலும் எண்ணெய்த் துறையிற் பணியாற்றும் தமிழ்ப் பொறியியலாளர்களுக்கு இக்கட்டுரை பகையன்று. தொழில்சார் பொறியியலாளரின் முதற்கடமை பொதுமக்களின் பாதுகாப்பே என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக்கோவையிலேயே உள்ளது. உள்ளிருந்து எழும் ஒரு நேர்மையான கேள்வி, வெளியிலிருந்து எழும் நூறு முழக்கங்களுக்கு ஈடானது.

இளையோர் தமது பல்கலைக்கழக வேலைவாய்ப்புக் கண்காட்சிகளில் நிறுவனப் பிரதிநிதிகளிடம் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்கட்டும்: கழிவுத் தேக்கங்களை மூட நிறுவனம் இதுவரை வைப்பிலிட்ட தொகை எவ்வளவு? அத்தொகைக்கும் மதிப்பிடப்பட்ட செலவுக்கும் இடையிலான வேறுபாடு, அந்தக் கேள்வியைக் கேட்கும் இளைஞர்களின் பெயரிலேயே எழுதப்பட்டுள்ள கடன். அதில் கையொப்பமிடுமாறு அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கடனை மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.